மெமரி கார்டு வாசிக்கட்டும், எழுத வேண்டாம்

கணினியின் இயங்குதளத்தை ஹார்டு டிஸ்கில் வைக்காமல் மெமரி கார்டிலோ பென் டிரைவிலோ வைத்து ஓட்டலாமா என்று கேட்டால், விவரம் தெரிந்தவர்களிடமே இரண்டு விதமான பதில் வரும். வருடக்கணக்காக ஓட்டுகிறோம், ஒரு குறையும் இல்லை என்பார் ஒருவர். மூன்றே மாதத்தில் கார்டு கரப்ட் ஆகிவிட்டது, இனி அந்தப் பக்கமே போகமாட்டேன் என்பார் இன்னொருவர். இருவரும் ஒரே நிறுவனத்தின் ஒரே ரகக் கார்டைக்கூட வாங்கியிருக்கலாம். கார்டு என்றால் அப்படித்தான், அதிர்ஷ்டம் இருந்தால் ஓடும் என்று பேச்சை முடித்துவிடுவது வழக்கம். அதிர்ஷ்டத்துக்கு இதில் வேலை குறைவு என்பது என் கருத்து. கழற்றி மாட்டும் சேமிப்புச் சாதனத்தை இயந்திரம் வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தால் அதைப் பெரும்பாலும் நம்பலாம். அதே சாதனத்தில் இரவும் பகலும் எழுதிக்கொண்டே இருந்தால் நம்பவே முடியாது. இந்த ஒரு வேறுபாட்டைக் கணினி அமைப்பவர்களும், கார்டு விற்பவர்களும், பொதுப் பணத்தில் கருவி வாங்குபவர்களும் கண்டுகொள்ளாததால் வரும் இழப்புகளைத்தான் நாம் கார்டின் தலையெழுத்து என்று எண்ணிக்கொண்டிருக்கிறோம்.

இதற்கு மிகத் தெளிவான சான்று சர்வர் உலகில் கிடைக்கிறது. ஒரே சர்வருக்குள் பல மெய்நிகர் கணினிகளை ஓட்ட உதவும் விஎம்வேர் நிறுவனத்தின் ஈஎஸ்எக்ஸ்ஐ மென்பொருளைப் பல ஆண்டுகளாக எஸ்டி கார்டிலோ யூஎஸ்பி டிரைவிலோ நிறுவி ஓட்டி வந்தார்கள். இது யாரோ சிலரின் சிக்கன ஏற்பாடு என்று நினைக்க வேண்டாம். டெல் போன்ற பெரிய சர்வர் நிறுவனங்களே, ஒன்றின் நகலாக மற்றொன்று இயங்கும் இரட்டைக் கார்டுத் தொகுதியை இதற்கென்று தயாரித்து விற்றன. அது நன்றாகவும் ஓடியது. காரணம், பழைய ஈஎஸ்எக்ஸ்ஐ தொடங்கும்போது தன்னை முழுவதும் ரேமில் ஏற்றிக்கொள்ளும். பிறகு அமைப்பு விவரங்களை அவ்வப்போது குறித்துவைப்பதைத் தவிரக் கார்டை அதிகம் சீண்டாது. 2020இல் 7.0 பதிப்பு வந்தது. வட்டின் பகுதிப் பிரிப்பு மாறியது. பதிவுகளும் தற்காலிகக் கோப்புகளும் பிற தரவுகளும் ஒரே பெரிய பகுதிக்குள் வைக்கப்பட்டன, அந்தப் பகுதி கார்டிலேயே அமர்ந்தது. அடுத்த ஆண்டு, குறிப்பாக 7.0இன் இரண்டாம் புதுப்பிப்புக்குப் பிறகு, உலகெங்கும் தரவு மையங்களில் கார்டுகள் ஒவ்வொன்றாகப் பதில் சொல்லாமல் போயின. நிறுவனம் திருத்தங்களை வெளியிட்டது. அடிக்கடி தொடப்படும் கோப்புகள் மீண்டும் ரேமுக்கு நகர்த்தப்பட்டன. முடிவில், கார்டையோ யூஎஸ்பியையோ தனி வட்டாக வைத்து ஓட்டுவதைக் கைவிடச் சொல்லி, நிலையான நல்ல வட்டு ஒன்று வேண்டும் என்று தன் வழிகாட்டுதலையே மாற்றிக்கொண்டது.

இந்த நிகழ்வை ஓர் ஆய்வுக்கூடச் சோதனை போலவே படிக்கலாம். சர்வர் மாறவில்லை, கார்டு மாறவில்லை, அறையின் குளிரும் மின்சாரமும் மாறவில்லை. எழுத்து உட்படக் கார்டின் மேல் விழுந்த சுமைதான் மாறியது. கார்டு இயல்பிலேயே மட்டமானது என்றால் பழைய பதிப்பிலும் செத்திருக்க வேண்டும். கார்டு எதற்கும் ஈடுகொடுக்கும் என்றால் புதிய பதிப்பிலும் பிழைத்திருக்க வேண்டும். இரண்டு கார்டுகளை நகலாக வைத்திருந்தவர்களுக்கும் முழுப் பாதுகாப்பு கிடைக்கவில்லை என்பது இன்னும் முக்கியமான பாடம். நகல் வைப்பது எதிர்பாராத பழுதுக்கு மருந்து. தேய்மானத்துக்கு அது மருந்தாகாது. இரண்டு கார்டிலும் ஒரே எழுத்து, ஒரே நேரத்தில், ஒரே அளவில் விழும்போது இரண்டும் சேர்ந்தே மூப்படைகின்றன.

எழுதுவது ஏன் இத்தனை கொடுமை என்பதற்குக் கார்டின் உள்ளே பார்க்க வேண்டும். மெமரி கார்டு, பென் டிரைவ், எஸ்எஸ்டி எல்லாவற்றிலும் இருப்பது நேண்ட் ஃபிளாஷ் என்னும் ஒரே வகை நினைவகம். ஜப்பானின் டோஷிபா நிறுவனத்தில் ஃபுஜியோ மசுவோகா 1980களில் உருவாக்கியது. காப்புப் படலத்தால் சூழப்பட்ட சிறு அறைகளுக்குள் எலக்ட்ரான்களை அடைத்துவைப்பதுதான் இதன் அடிப்படை. ஒவ்வொரு முறை அழித்து எழுதும்போதும் அந்தப் படலத்தின் வழியாக எலக்ட்ரான்கள் பலவந்தமாகத் தள்ளப்படுகின்றன, படலம் கொஞ்சம் கெடுகிறது. ஓர் அறையில் ஒரே ஒரு பிட் வைத்த பழைய ரகம் சுமார் 1,00,000 முறை தாங்கியது. ஒரே அறையில் மூன்று பிட்டுகளை நெருக்கி வைக்கும் இன்றைய மலிவான ரகம் ஆயிரத்தில் தொடங்கிச் சில ஆயிரம் முறைதான் தாங்கும். விலை குறைந்து கொள்ளளவு பெருகியதற்கு நாம் கொடுத்த விலை இது. வாசிப்பதில் இந்தத் தேய்மானம் கிட்டத்தட்ட இல்லை.

அதோடு முடியவில்லை. ஃபிளாஷில் இருக்கும் ஓர் எழுத்தை மட்டும் அழித்துத் திருத்த முடியாது. எழுதுவது சில கிலோபைட் அளவுள்ள பக்கங்களாக. அழிப்பது மெகாபைட் கணக்கில் உள்ள பெரிய தொகுதிகளாக. இயங்குதளமோ ஓயாமல் சின்னச் சின்னதாக எழுதும் பிராணி. யாராவது உள்நுழைந்தால் ஒரு வரி, கடிகாரம் சரிசெய்யப்பட்டால் ஒரு வரி, நெட்வொர்க் துண்டித்து இணைந்தால் ஒரு வரி. நூறு எழுத்துள்ள ஒரு பதிவு வரியை உடனே வட்டில் சேர்க்கச் சொன்னால், கார்டுக்குள் ஒரு முழுப் பக்கம் செலவாகும். கோப்பு அமைப்பின் குறிப்பேட்டுக்கு இன்னொரு பக்கம். பழைய பக்கங்களைக் காலிசெய்ய ஒரு தொகுதி முழுவதும் வேறிடத்துக்கு நகலாகும். இயங்குதளம் எழுதியது கையளவு, கார்டு உள்ளுக்குள் எழுதியது அதன் பல மடங்கு. இந்தப் பெருக்கம் சிறு எழுத்துகளில்தான் மிக அதிகம். கேமராவுக்காகப் பிறந்த கார்டு எதிர்பார்த்தது இதற்கு நேர்மாறானது: ஒரு படத்தை ஒரே மூச்சில் எழுது, நிறுத்து, பிறகு கழற்றிக் கொண்டுபோ.

கணக்கு போட்டுப் பார்த்தால் மேலே சொன்ன இரண்டு பேரின் அனுபவமும் ஏன் உண்மை என்பது விளங்கும். 32 ஜிபி கார்டு ஒன்று ஆயிரம் முறை அழித்து எழுதத் தாங்கும் என்று வைத்துக்கொள்வோம். தேய்மானம் எல்லா அறைகளிலும் சமமாகப் பரவினால் அதில் மொத்தம் 32 டெராபைட் எழுதலாம். சிறு எழுத்துகளால் உள்ளே பத்து மடங்கு பெருக்கம் நேர்கிறது என்றால் இயங்குதளத்துக்குக் கிடைப்பது 3.2 டெராபைட். வீட்டு உணர்கருவிகளின் அளவுகளை விநாடிக்கு விநாடி தரவுத்தளத்தில் சேர்க்கும் ஒரு கணினி நாளைக்கு 5 ஜிபி எழுதுகிறது என்றால், அந்தக் கார்டின் ஆயுள் 640 நாள். இரண்டு வருடம்கூட இல்லை. அதே கார்டு, விளம்பரப் பலகையில் சில படங்களைக் காட்டிக்கொண்டு நாளைக்கு 50 எம்பி மட்டும் எழுதினால் 64,000 நாள், அதாவது 175 வருடம். அந்தக் கார்டு வேறு எந்தக் காரணத்தாலும் சாகலாம், தேய்ந்து சாகாது. இவை விளக்கத்துக்காக நான் எடுத்துக்கொண்ட எண்கள்தான். ஆனாலும் நூறு மடங்கு வேறுபாடு கார்டின் தரத்திலிருந்து வரவில்லை, அதற்குக் கொடுக்கப்பட்ட வேலையிலிருந்து வந்தது என்பதை மறுக்க முடியாது.

தேய்மானத்தைவிடத் திடீரென்று தாக்குவது மின்தடை. கார்டுக்குள் ஒரு சின்னக் கணினியே இருக்கிறது. எந்தத் தரவு எந்த அறையில் கிடக்கிறது என்ற அட்டவணையை அதுதான் பராமரிக்கிறது. அட்டவணையைத் திருத்திக்கொண்டிருக்கும் நடுவில் மின்சாரம் போனால், கடைசியாக எழுதிய கோப்பு மட்டும் கெடும் என்ற உத்தரவாதம் கிடையாது. எத்தனையோ மாதங்களுக்கு முன் எழுதி, யாரும் தொடாமல் இருந்த கோப்பும் போகலாம், கார்டு மொத்தமும் போகலாம். ஓர் அறையில் பல பிட்டுகள் இருப்பதால், இரண்டாவது பிட்டை எழுதும்போது நேரும் தடங்கல் முன்பே பத்திரமாக இருந்த முதல் பிட்டையும் குலைக்கும். லினக்ஸின் ஈஎக்ஸ்டி4 போன்ற கோப்பு அமைப்புகள் குறிப்பேடு வைத்து மின்தடையிலிருந்து மீள்வதற்கென்றே வடிவமைக்கப்பட்டவை. ஆனால் அவை கட்டப்பட்டிருப்பது, எழுதி முடித்தேன் என்று வட்டு சொன்னால் எழுதி முடித்திருக்கும் என்ற நம்பிக்கையின் மேல். அடித்தளமே அந்தச் சொல்லைக் காக்காதபோது மேலே உள்ள ஏற்பாடு ஒன்றும் செய்ய முடியாது. உயர்ரக சர்வர் எஸ்எஸ்டிகளில் மின்சாரம் போனாலும் கையிலுள்ள வேலையை முடிக்குமளவு ஆற்றலைத் தேக்கிவைக்கும் மின்தேக்கிகள் இருக்கின்றன. நகக்கண் அளவுள்ள மைக்ரோ எஸ்டி கார்டில் அவற்றுக்கு இடமே இல்லை. பழைய போன் சார்ஜரைக் கொண்டு ஓட்டும் சிறு கணினிகளில், மின்சாரம் போகாமலே மின்னழுத்தம் தாழ்ந்து அதே கேடு நடக்கும். யூபிஎஸ் இல்லாத கிராமப் பள்ளியிலோ கடையிலோ ஒரு நாளில் இரண்டு முறை மின்சாரம் போய் வரும் நம் ஊர்ச் சூழலில் இது ஏட்டுக் கவலை இல்லை. நம் கோடை வெப்பத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். அறைகளில் அடைபட்ட எலக்ட்ரான்கள் வெப்பம் கூடக் கூட வேகமாகக் கசிகின்றன. குறைகடத்தித் தொழிலின் தர அமைப்பான ஜெடெக், சாதாரண எஸ்எஸ்டி ஒன்று தன் எழுத்து ஆயுளை முழுவதும் செலவழித்த பிறகு, மின்சாரம் இல்லாமல் 30 டிகிரியில் ஓராண்டு தரவைக் காத்தால் போதும் என்றுதான் வரையறுத்திருக்கிறது. மே மாதத்தில் தகரக் கூரையின் கீழ் மூடிய பெட்டிக்குள் இருக்கும் கார்டு 30 டிகிரியில் இருக்காது.

கழற்றி மாட்டும் வட்டின் வரலாற்றைப் பார்த்தால், தொடக்கத்தில் இந்த வேறுபாடு யாரும் சொல்லித் தராமலே கடைப்பிடிக்கப்பட்டது தெரியும். 1971இல் ஐபிஎம் வெளியிட்ட முதல் ஃபிளாப்பி, எட்டு அங்குல அகலமும் சுமார் 80 கிலோபைட் கொள்ளளவும் கொண்டது. ஐபிஎம்மின் பெருங்கணினிகள் தொடங்கும்போது அவற்றின் அடிப்படை நிரலை உள்ளே ஏற்றுவதுதான் அதன் ஒரே வேலை. பயனர் கையில் இருந்த இயந்திரத்தால் அதை வாசிக்க மட்டுமே முடியும்; எழுதும் வசதியே வைக்கவில்லை. முதல் ஃபிளாப்பி கணினியைத் தொடங்கிவைக்கும் தட்டாகவே பிறந்தது, அதுவும் வாசிப்புக்கு மட்டும். 1981இல் வந்த ஐபிஎம் பிசியில் ஹார்டு டிஸ்க் கிடையாது. டாஸ் இருந்த ஃபிளாப்பியைப் போட்டுத் தொடங்கினார்கள். அந்தத் தட்டின் ஓரத்துப் பள்ளத்தைப் பட்டை ஒட்டி மூடி, எழுத முடியாமல் செய்துவிட்டு, தங்கள் வேலையை வேறொரு தட்டில் சேமித்தார்கள். ஜெர்மனியின் கிளவுஸ் க்னோப்பர் 2000இல் வெளியிட்ட நாப்பிக்ஸ், முழு லினக்ஸையும் ஒரு சிடியிலிருந்து ஓட்டிக் காட்டியது. சிடியில் எழுதவே முடியாது என்பதால் மாற்றங்கள் எல்லாம் ரேமில் நடந்தன. எத்தனை முறை மின்சாரத்தைப் பிடுங்கினாலும் அந்தச் சிடியில் இருந்த இயங்குதளத்துக்கு ஒன்றும் ஆகாது. சான் ஃபிரான்சிஸ்கோ நகரின் சுரங்க ரயில் கட்டுப்பாட்டு அமைப்பு 1998இல் நிறுவப்பட்டது. அது 2024இலும் ஒவ்வொரு நாளும் ஐந்தேகால் அங்குல ஃபிளாப்பிகளிலிருந்து மென்பொருளை ஏற்றிக்கொண்டே தொடங்கியது. தட்டுகள் கெட்டுப்போகும் அபாயம் ஆண்டுக்காண்டு கூடுகிறது என்று நிர்வாகமே கவலைப்பட்டு, 2024இல் ஹிட்டாச்சி ரயில் நிறுவனத்துடன் 21.2 கோடி டாலருக்கு மாற்று ஒப்பந்தம் செய்தது. அந்தக் கவலை நியாயமானது. ஆனால் ஃபிளாப்பி போன்ற எளிதில் கெடும் ஊடகத்தை நம்பி கால் நூற்றாண்டு ரயில் ஓட்ட முடிந்ததே, அதற்கு அந்தத் தட்டுகள் காலையில் வாசிக்கப்பட்டுவிட்டு ஒதுங்கி இருந்தது பெரிய காரணம். அவற்றின் மேல் ஒவ்வொரு விநாடியும் ரயில் பதிவுகளை எழுதியிருந்தால் ஒரு கோடையைத் தாண்டியிருக்காது.

இந்தப் பழைய ஒழுக்கம் நழுவியது ஃபிளாஷ் மலிவானபோது. 2012 பிப்ரவரி 29 அன்று 35 டாலர் விலையில் வந்த ராஸ்பெரி பை என்ற சிறு கணினி, விலையைக் குறைக்க உள்வட்டே இல்லாமல் எஸ்டி கார்டை நம்பி வடிவமைக்கப்பட்டது. மாணவர்கள் கையில் கணினியைக் கொடுப்பது நோக்கம், அந்த நோக்கத்துக்கு அது அருமையான முடிவு. கார்டை மாற்றினால் புதிய கணினி. கெடுத்தால் மறுபடி எழுதிக்கொள்ளலாம். ஆனால் அதில் ஏற்றப்பட்ட லினக்ஸ், ஹார்டு டிஸ்கில் பிறந்து வளர்ந்தது. பதிவுகளை வட்டில் குவிக்கும். ரேம் போதாதபோது உதவும் ஸ்வாப் கோப்பையும் நீண்ட காலம் கார்டிலேயே 100 எம்பி அளவில் வைத்திருந்தது. மாணவன் அணைத்துவைக்கும் விளையாட்டுக் கணினி, மெல்ல மெல்லத் தொழிற்சாலையிலும் கண்காணிப்புக் கேமராவிலும் விவசாய நிலத்து உணர்கருவியிலும் வருடம் முழுக்க ஓடும் கணினியாக மாறியது. கார்டு அதேதான்.

கார்டு மலிவு, கெட்டால் வேறு போட்டுக்கொள்வது எளிது என்பது முதலில் எழும் மறுப்பு. வகுப்பறையைப் பொறுத்தவரை இதை நான் முழுமையாக ஏற்கிறேன். நாற்பது மாணவர்களுக்கு நாற்பது கார்டு, ஆசிரியரிடம் ஒரு மூலப்பிரதி, கெட்டதை மாலையில் மறுபடி எழுதிவிடலாம். இழப்பது அன்றைய பயிற்சி மட்டும். ஆனால் அணைக்கட்டின் நீர்மட்டத்தைப் பதிவுசெய்யும் கருவியிலும், கிராம மருத்துவ நிலையத்தின் குளிர்பெட்டி வெப்பநிலையைக் கண்காணிக்கும் கருவியிலும் இழப்பது கார்டின் விலையை மட்டுமல்ல. ஓர் ஆள் அங்கே போய்வரும் செலவு, போகும்வரை விட்டுப்போன அளவுகள், இவைதான் உண்மை விலை. இன்னொன்றும் உண்டு. கார்டு சாவது எப்போதும் நேர்மையாக நடப்பதில்லை. சில கார்டுகள் ஆயுள் முடிந்ததும் வாசிக்க மட்டும் அனுமதிக்கும் நிலைக்குப் போய்விடும், அதுவாவது பரவாயில்லை. சில கார்டுகள் எழுதச் சொன்னதை ஏற்றுக்கொண்டதாகப் பதில் சொல்லும். கணினியை மறுபடி தொடங்கினால் எழுதியது எதுவும் இருக்காது. கருவி ஓடுகிறது, விளக்கு எரிகிறது, பதிவு மட்டும் இல்லை. மலிவான மாற்று எளிது என்ற வாதம், கெட்டது நமக்குத் தெரியும் என்ற அனுமானத்தின் மேல் நிற்கிறது. அந்த அனுமானம் சரியில்லை.

எஸ்எஸ்டியிலும் இருப்பது அதே ஃபிளாஷ்தானே, அதுவும் தேயாதா என்பது அதைவிடக் கனமான மறுப்பு. தேயும். கழற்ற முடியாதபடி பலகையிலேயே ஒட்டவைத்த சிப்பும் தேயும். அமெரிக்காவில் டெஸ்லா நிறுவனம் 2021இல் சுமார் 1,35,000 கார்களைத் திரும்ப அழைத்து சரிசெய்ய நேர்ந்தது இதற்கு உதாரணம். 2012 முதல் 2018 வரையிலான மாடல் எஸ், 2016 முதல் 2018 வரையிலான மாடல் எக்ஸ் கார்களின் தொடுதிரைக் கணினியில் 8 ஜிபி ஃபிளாஷ் சிப் ஒன்று இருந்தது. சுமார் 3,000 முறை அழித்து எழுதத் தாங்கும் அந்தச் சிப், அன்றாடப் பதிவுகளால் ஐந்தாறு ஆண்டுகளில் தீர்ந்து, பின்புறக் கேமராவின் படமும் கண்ணாடிப் பனியை நீக்கும் வசதியும் நின்றுபோகும் என்று அந்நாட்டு நெடுஞ்சாலைப் பாதுகாப்பு அமைப்பு கண்டறிந்தது. ஆகவே கழற்ற முடிவது ஒரு குற்றம் என்று நான் சொல்லவில்லை. டெஸ்லாவில் அது கழற்றக்கூடிய கார்டாக இருந்திருந்தால் பழுதுபார்ப்பு இன்னும் மலிவாக முடிந்திருக்கும். எழுத்தைக் கணக்கில் வைக்காத வடிவமைப்பு எங்கே இருந்தாலும் தோற்கும் என்பதைத்தான் அந்தக் கார்கள் காட்டுகின்றன. நல்ல எஸ்எஸ்டிக்கும் கார்டுக்கும் உள்ள வேறுபாடு அந்தக் கணக்கில்தான் இருக்கிறது. எஸ்எஸ்டியில் தேய்ந்த அறைகளுக்குப் பதிலாக எடுத்துக்கொள்ளக் கூடுதல் இடம் ஒதுக்கப்பட்டிருக்கும். தேய்மானத்தைச் சமமாகப் பரப்பும் வலுவான கட்டுப்பாட்டுச் சிப் இருக்கும். எவ்வளவு எழுதப்பட்டது, ஆயுள் எவ்வளவு மிச்சம் என்று கேட்டால் சொல்லும் வசதி இருக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, எவ்வளவு எழுதலாம் என்று தயாரிப்பாளர் வெளிப்படையாக வாக்குக் கொடுத்திருப்பார். சாம்சங்கின் 870 ஈவோ 250 ஜிபி எஸ்எஸ்டிக்கு 150 டெராபைட் அல்லது ஐந்து ஆண்டு, எது முதலில் வருகிறதோ அதுவரை உத்தரவாதம். சாதாரண மெமரி கார்டில் இந்த எண்ணைத் தேடினால் கிடைக்காது.

பென் டிரைவ் கார்டைவிட மேல் என்று நினைப்பவர்கள் உண்டு. வடிவம்தான் வேறு, சாதாரணப் பென் டிரைவின் உள்ளே இருப்பதும் அதே தர ஃபிளாஷ், அதே எளிய கட்டுப்பாட்டுச் சிப். விண்டோஸை யூஎஸ்பியில் எடுத்துச் சென்று எங்கும் ஓட்டலாம் என்ற விண்டோஸ் டு கோ வசதியைக் கொண்டுவந்த மைக்ரோசாஃப்ட்கூட, சிதறிய சிறு எழுத்துகளைத் தாங்கும்படி தனியாகத் தயாரித்த சான்றிதழ் பெற்ற டிரைவுகளில்தான் அதை ஓட்டச் சொன்னது. அந்த வசதியையே 2020இல் நீக்கிவிட்டது. யூஎஸ்பி வழியாக இணைத்த நல்ல எஸ்எஸ்டி வேறு விஷயம். இணைப்பு தளராமலும் மின்சாரம் போதுமான அளவும் கிடைத்தால் அது எஸ்எஸ்டிக்கு உரிய மரியாதையோடு நடந்துகொள்ளும்.

என் முக்கியக் குறை கார்டின் உறையின் மேல் அச்சிடப்படும் விஷயத்தைப் பற்றியது. வட்டத்துக்குள் 10, யூ என்ற எழுத்துக்குள் 3, வி30, ஏ1, ஏ2 என்று எத்தனையோ குறிகள். இவை எல்லாமே வேகத்தைச் சொல்பவை. ஏ1 என்றால் விநாடிக்கு 1,500 சிறு வாசிப்பும் 500 சிறு எழுத்தும், ஏ2 என்றால் 4,000 வாசிப்பும் 2,000 எழுத்தும். செயலிகளை ஓட்டுவதற்கென்றே வகுத்த இந்தத் தரம்கூட, எத்தனை நாளைக்கு என்பதைப் பற்றி வாய் திறப்பதில்லை. விநாடிக்கு 2,000 முறை எழுதும் திறன் உண்டு என்று விற்றுவிட்டு, மொத்தத்தில் எத்தனை முறை எழுதலாம் என்பதை மறைப்பது வாங்குபவருக்குச் செய்யும் அநீதி. பல நிறுவனங்களின் உத்தரவாத விதிகளில், தொடர்ந்து பதிவுசெய்யும் கருவிகளில் பயன்படுத்தினால் உத்தரவாதம் இல்லை என்று சிறு எழுத்தில் இருக்கும். தங்கள் கார்டு எதற்குத் தாங்காது என்பது அவர்களுக்குத் தெரியும் என்பதற்கு இதைவிட ஒப்புதல் வேண்டாம். அதிகத் தாங்குதிறன் என்ற பெயரில் காருக்குள் வைக்கும் கேமராவுக்காக விற்கும் கார்டுகளில் இத்தனை ஆயிரம் மணி நேர வீடியோ என்று ஓர் எண் கிடைக்கிறது, அது வரவேற்கத்தக்க தொடக்கம். ஆனால் அது நீண்ட தொடர் எழுத்துக்கான எண். இயங்குதளத்தின் சிறு எழுத்துகளுக்கு அதை அப்படியே பொருத்திப் பார்க்க முடியாது. இவற்றுக்கு நடுவே போலிக் கார்டுகள் வேறு. உள்ளே 8 ஜிபி வைத்துக்கொண்டு 128 ஜிபி என்று கணினியிடம் பொய் சொல்லும் கார்டுகள் நடைபாதையிலும் இணையக் கடைகளிலும் விற்கப்படுகின்றன. எல்லா இடத்தையும் நிரப்பி மறுபடி வாசித்துச் சரிபார்க்கும் எஃப்3 போன்ற இலவச மென்பொருளால் சோதிக்காத கார்டை எந்த முக்கிய வேலைக்கும் பயன்படுத்தக் கூடாது.

எழுத்தைக் கார்டிலிருந்து விலக்குவது கடினமான கலையும் இல்லை. ராஸ்பெரி பையின் அமைப்பு நிரலிலேயே, கார்டை வாசிப்புக்கு மட்டும் என்று பூட்டி மாற்றங்களை ரேமில் வைத்துக்கொள்ளும் வசதி இருக்கிறது. நாப்பிக்ஸ் சிடியில் செய்ததையே அது கார்டில் செய்கிறது. காக்க வேண்டிய தரவை நெட்வொர்க் வழியாக வேறு இடத்துக்கு அனுப்பலாம், அல்லது தனி எஸ்எஸ்டியில் எழுதலாம். பதிவுகளை ரேமில் வைத்தால் கணினி விழுந்த பின் காரணம் தேட எதுவும் மிஞ்சாதே என்று சிலர் கேட்பது நியாயம். அப்படிப்பட்ட இடங்களில் பதிவுகளை உடனுக்குடன் ஒரு மைய சர்வருக்கு அனுப்புவதுதான் முறை. விழுந்துபோன வட்டில் கிடக்கும் பதிவைவிட அது எப்போதும் பயனுள்ளது. பையைத் தயாரிப்பவர்களே இந்தத் திசையில் நகர்ந்துவிட்டார்கள். 2023இல் வந்த பை 5இல் அதிவேக இணைப்பு வைத்து, அடுத்த ஆண்டே எஸ்எஸ்டி பொருத்தும் பலகையை வெளியிட்டார்கள். 2025இல் வந்த பை 500 பிளஸில் 256 ஜிபி எஸ்எஸ்டியை உள்ளேயே வைத்துவிட்டார்கள்.

இவ்வளவு செய்தால் கருவியின் விலை ஏறுமே என்று அரசுத் துறைகளும் பள்ளி நிர்வாகங்களும் சொல்லலாம். கொஞ்சம் ஏறும். ஆனால் வாசிப்புக்கு மட்டும் பூட்டுவதற்கு ஒரு ரூபாய்கூட ஆகாது, எஸ்எஸ்டி தேவைப்படுவது எழுத்து அதிகமுள்ள கருவிகளுக்கு மட்டும். ஆயிரக்கணக்கில் சிறு கணினிகளை வாங்கும்போது ஒப்பந்தப் புள்ளியில் செயலி என்ன, ரேம் எவ்வளவு, கொள்ளளவு எவ்வளவு என்று கேட்கிறார்கள். அதே பட்டியலில் இன்னும் மூன்று வரிகள் சேர வேண்டும். இந்தக் கருவி ஒரு நாளைக்கு எவ்வளவு எழுதும் என்று விற்பவர் அளந்து சொல்ல வேண்டும். அதில் உள்ள வட்டு மொத்தம் எவ்வளவு எழுதத் தாங்கும் என்று தயாரிப்பாளரின் எழுத்துப்பூர்வ உறுதி வேண்டும். இரண்டையும் வகுத்தால் வரும் ஆயுள், கருவியின் உத்தரவாதக் காலத்தைப் போல் இரு மடங்காவது இருக்க வேண்டும். இந்த எண்ணைத் தர முடியாத கார்டு, வாசிப்புக்கு மட்டும் பூட்டப்பட்ட நிலையில் அல்லாமல் வேறு எந்த நிலையிலும் பொதுப் பணத்தில் வாங்கும் கருவிக்குள் போகக் கூடாது. பெரிய அளவில் வாங்குபவர்கள் இந்தக் கேள்வியைக் கேட்கத் தொடங்கினால், உறையின் மேல் வேகக் குறிகளுக்குப் பக்கத்தில் எழுத்து ஆயுளையும் அச்சிட வேண்டிய கட்டாயம் தயாரிப்பாளர்களுக்கு வரும்.